எடை குறைந்த ரிவால்வர்

இகாக் கிராமம், கோடியாக் தீவு, அலாஸ்கா
2006 மே 14

அன்புள்ள தம்பி மகாருக்கு,

அக்கா ஃபெவ்ரோனியா எழுதுவது. நான் நலம். ஈரக்காற்று அடித்தால் முட்டி முனகுகிறது, அவ்வளவுதான். உன் இருமல் எப்படி? அரிசோனாப் புழுதிக்கு மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள் என்று எழுதியிருந்தேனே, கட்டினாயா? சிறையில் முகத்தை மூடக்கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? போன வாரம் நீ போனில் கூப்பிட்டபோது பாதி இரைச்சல்தான் காதில் விழுந்தது. எனக்குக் கடிதம்தான் சரிப்படும்.

ஒரு விஷயம் நடந்தது. புகைக்குடிசைக்கு விறகு வெட்டப் போயிருந்தேன். ரைஃபிளை வழக்கம்போல மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையிலும் கட்டை சுமந்து வண்டிக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்கும் ரைஃபிளுக்கும் நடுவில் ஒரு பெட்டைக் கரடி, கூடவே இரண்டு குட்டிகள். குட்டிகளில் ஒன்று ரைஃபிளின் தோல்வாரை முகர்ந்து பார்க்கிறது. நான் கட்டையைக் கீழே போடவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. அவை தாமாகக் கிளம்பிப் போகும்வரை கட்டையைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றேன். முன்பெல்லாம் நான் சுமப்பேன், நீ ரைஃபிளோடு பக்கத்தில் நிற்பாய். இப்போது சுமப்பதும் நான், காவலும் நான்.

பல் பிடுங்க கோடியாக் டவுனுக்குப் போனவள், துப்பாக்கிக் கடைக்குள்ளும் நுழைந்துவிட்டேன். இடுப்பில் மாட்டிக்கொள்ளும்படி ஏதாவது கொடு, இரண்டு கையும் எனக்கு வேலைக்கு வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒரு ரிவால்வரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"தூக்கிப் பாருங்கம்மா. இறகு மாதிரி இருக்கும். ஆனா நாற்பத்திநாலு மேக்னம். கரடியே நின்னு யோசிக்கும்."

நிஜமாகவே கனமில்லை. உடம்பு அலுமினியத்தில் ஏதோ அபூர்வ உலோகம் கலந்ததாம், உருளை டைட்டானியமாம், பிடி மட்டும் மரம். பல் வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தேன் என்று பக்கத்து வீட்டு ஆனிஸ்யா சொல்கிறாள். இருக்கலாம். வாங்கிவிட்டேன். இன்னும் சுட்டுப் பார்க்கவில்லை.

ஆண்டவர் உன் பக்கம் இருக்கட்டும்.

உன் அக்கா
ஃபெவ்ரோனியா


அரிசோனா
2006 ஜூன் 1

அக்கா,

உன் கடுதாசி வந்ததும் சாப்பாட்டுக்கூடமே கூடிருச்சு. மூக்குல துணி கட்டல, ஆனா இருமல் தேவலை. உன் முட்டிக்கு பான்யா நீராவிக் குடிசையில போய் நல்லா வேர்த்து ஊத்து. அந்தச் சூட்டைவிட மருந்து கிடையாது.

எவன் அக்கா உனக்கு அதை வித்தது? தூக்கிப் பார்க்கச் சொன்னவன் சுட்டுப் பார்க்கச் சொன்னானா? துப்பாக்கி கனமா இருந்தா உதையில பாதியை அதுவே வாங்கிக்கும். லேசா இருந்தா முழு உதையும் உன் கைக்குத்தான். இடுப்புல தொங்குறப்போ இறகு, விசையை இழுத்தா குதிரை.

அலாஸ்கா சிறையில இடமில்லாம இங்கே தள்ளினதுல, எங்க மேசையில மட்டும் நாலு அலாஸ்காக்காரங்க. என் அறைக்காரன் மோசஸ் குஸ்கோக்விம் ஆத்துப்பக்கம். "உங்கக்கா கை போச்சு"ன்னு சிரிச்சான். இன்னொருத்தன் "கரடிக்கு அதுதான் சரி"ன்னு எழுந்து நின்னு சண்டை. சோறு ஆறிப்போச்சு. ஆறு வருஷத்துல இங்கே நடந்த நல்ல பேச்சு இதுதான்.

சொல்றதைக் கேளு. நம்ம ஊர் நெஸ்டர் தன் கொட்டகையில சொந்தமா மருந்து அடைச்சு வச்சிருக்கிற தோட்டாவை மட்டும் வாங்காதே. சாதாரண ரைஃபிளுக்கு அது போதும். இதுக்கு ஆகாது. காதுக்கு மூடி, கைக்கு உறை. ரெண்டு கையாலயும் பிடி.

அப்புறம் ஒரு சேதி. என் பரோல் விசாரணை அக்டோபர்ல வருதாம். எங்கே போய் இருப்பேன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நம்ம வீட்டு விலாசம் எழுதிட்டேன். அம்மா கட்டுன வீடுதானே, வேற எங்கே போறது. எழுத்துப்பிழை இருக்கான்னு மூணு தடவை பார்த்தேன், சிரிக்காதே.

தம்பி
மகார்


இகாக்
2006 ஜூன் 25

அன்புள்ள மகாருக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. வலது கையில் கட்டு இருப்பதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். விசாரணை நல்லபடியாக நடக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் ஒரு வாரம் தாமதம். மூடுபனியில் தபால் விமானம் இறங்கவே இல்லை. அதற்குள் நான் நெஸ்டரிடம் தோட்டா வாங்கியிருந்தேன். கடற்கரையில் ஒரு பழைய எண்ணெய் பீப்பாயை நிறுத்தி வைத்தான். ஆனிஸ்யா நாற்காலி கொண்டுவந்து போட்டு, டீ ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்துவிட்டாள், ஏதோ திருவிழா பார்க்க வந்தவள் போல.

"பீப்பாய் பாவம், அதுக்கு ஒண்ணும் ஆகாது, நீ சுடு," என்றாள்.

முதல் குண்டு. மகார், யாரோ சுத்தியலால் என் உள்ளங்கையில் அடித்தது போல இருந்தது. ரிவால்வர் என் தலைக்கு மேலே போய்விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்து ரத்தம். பீப்பாய் அப்படியே நிற்கிறது.

"கண்ணை மூடிட்டே," என்றான் நெஸ்டர்.

"மூடல."

"நான் பார்த்தேன். ரெண்டு கண்ணையும் மூடி, வாயையும் திறந்தே."

இரண்டாவது குண்டு கடலுக்குப் போயிற்று. மூன்றாவதற்கு விசையை இழுக்கிறேன், நகரவில்லை. இரண்டு கையாலும் இழுக்கிறேன், நகரவில்லை. நெஸ்டர் வாங்கிப் பார்த்தான். அடுத்த தோட்டாவின் ஈயமுனை உதையில் நழுவி, உருளைக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. அது தடுத்ததால் உருளை சுற்றவில்லை. அதாவது கரடிக்கு முன்னால் நின்றால், இரண்டு குண்டு சுட்டுவிட்டு மூன்றாவதற்குக் கரடியிடம் கொஞ்சம் பொறு என்று கேட்க வேண்டும்.

"இதுக்கு நீ கல்லை எறியலாம்," என்றாள் ஆனிஸ்யா.

எனக்கு அழுகை வந்தது, வலியினால் இல்லை. ஐம்பத்துநாலு வயதில் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்ய ஆசைப்பட்டு, இரண்டு பேர் முன்னால் முட்டாளாகி நின்றேனே என்றுதான். அவர்கள் போனபிறகு மண்ணில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு அழகாக இருக்கிறது, சனியன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ஃபெவ்ரோனியா


அரிசோனா
2006 ஜூலை 24

அக்கா,

கை ஆறிருச்சா? சீழ் பிடிக்காம பார்த்துக்கோ. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் சரியில்லை.

உன் கடுதாசி எனக்கு நேத்துதான் வந்துச்சு. இங்கே எல்லாக் கடுதாசியையும் பிரிச்சுப் படிப்பாங்கன்னு உனக்குத் தெரியும். தபால் அறையில ஒரு ஆளு உன்னுதைப் படிச்சிட்டு துப்பாக்கி, தோட்டான்னு இருக்குன்னு மேலே அனுப்பிட்டான். அங்கேயே கிடந்துச்சு. நேத்து எங்க ஆலோசகர் அம்மா டெல்காடோ கூப்பிட்டாங்க.

"மகார், நீங்க குடுத்த விலாசத்துல யாரு இருக்காங்க?"

"எங்கக்கா."

"கைத்துப்பாக்கி வச்சிருக்காங்களா?"

"கரடிக்கு மேடம். சுடவே வராது அவங்களுக்கு. படிச்சீங்கள்ல?"

அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க. ஆனா விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. என்னை மாதிரி தண்டனை வாங்கினவன், மறைச்சு வைக்கிற அளவு கைத்துப்பாக்கி இருக்கிற வீட்ல குடியிருக்கவே கூடாதாம். நான் தொடணும்னு கூட இல்லை. இருக்குன்னு தெரிஞ்சாலே குத்தம். நீள ரைஃபிளைப் பத்தி அப்புறம் பேசிக்கலாமாம். இது இருந்தா அந்த விலாசமே செல்லாது.

பயந்துடாதே, வழி சுலபம். ரிவால்வரை நெஸ்டர் வீட்ல குடுத்துரு. வீட்ல கைத்துப்பாக்கி இல்லைன்னு ஒரு கடுதாசி டெல்காடோ அம்மாவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவ்வளவுதான்.

அதுவரைக்கும் சுடணும்னா அந்த மரப்பிடியைக் கழட்டி எறி. ரப்பர் பிடி கிடைக்கும், கை முழுக்க அணைச்சுக்கும். கடையில மென்மையான தோட்டா கேளு, நாற்பத்திநாலு ஸ்பெஷல்னு சொன்னாப் போதும், அதே துப்பாக்கியில போகும். பழகுறதுக்கு அது. கரடிக்கு மட்டும் நல்ல கம்பெனித் தோட்டா. எனக்கு ஒரு நாள் கிடைச்சா உன் பின்னாடி நின்னு தோளைப் பிடிச்சுச் சொல்லித் தந்துருவேன். கடுதாசியில எழுதிச் சொல்றது, நீச்சலை எழுதிச் சொல்ற மாதிரி இருக்கு.

சீக்கிரம் எழுது.

மகார்


இகாக்
2006 செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். மீன் காலம் எப்படி என்று உனக்குத் தெரியாதா. நலமாக இருக்கிறேன். கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. அங்கே வெயில் குறைந்ததா?

இந்த வருஷம் சிவப்பு சால்மன் நிறைய. புகைக்குடிசை இரண்டு முறை நிரம்பியது. ஆனிஸ்யாவின் மகள் கல்யாணத்துக்கு இருபது பெரோக் சுட்டோம், அரிசியும் மீனும் மாவுக்குள் வைத்து மூடி. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ரப்பர் பிடி தபாலில் வந்தது. நீ சொன்னது சரி. மென்மையான தோட்டாவும் வாங்கினேன். உதை பாதியாகக் குறைந்துவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்ததும் தனியாகக் கடற்கரைக்குப் போகிறேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்தினால் கண் மூடுவதில்லை. பீப்பாயில் ஐந்துக்கு மூன்று பட்டது. பிறகு கம்பெனித் தோட்டா இரண்டு போட்டுப் பார்த்தேன். தோள்வரை அதிர்ந்தது, ஆனால் உருளை சிக்கவில்லை. எரிச்சல் மட்டும் போகவில்லை. ஒரு நாள் படுகிறது, மறுநாள் ஒன்றுகூடப் படுவதில்லை. அதைத் தூக்கிக் கடலில் எறியலாமா என்று தோன்றும். பிறகு துடைத்து எண்ணெய் போட்டு உறையில் வைப்பேன்.

நெஸ்டர் வீட்டில் பேரக்குழந்தைகள் வந்திருக்கிறார்கள். எல்லா அலமாரியையும் திறக்கிற வயது. அங்கே எப்படி வைப்பது?

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பலாமா, வாங்குவார்களா?

அக்கா
ஃபெவ்ரோனியா


அரிசோனா
2006 செப்டம்பர் 20

அக்கா,

கம்பளி வாங்க மாட்டாங்க. இங்கே இன்னும் வெயில் கொளுத்துது. நீ நல்லா இருக்கேன்னு படிச்சு சந்தோஷம். ஐந்துக்கு மூணுன்னு சொன்னதும் மோசஸ் கை தட்டினான்.

நெஸ்டர் வீட்ல குழந்தைங்கன்னா ஆனிஸ்யா வீடு. இல்லேன்னா பாதிரியார்கிட்ட குடு. இல்லேன்னா ஊர்க் காவலர் அறையில பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி இருக்குமே, அங்கே வை. விறகுக்குப் போறப்போ எடுத்துக்கோ, வந்ததும் திருப்பி வை. ஊரே ஒரு தெரு. அஞ்சு நிமிஷ நடை.

டெல்காடோ அம்மா தினமும் கேக்கறாங்க, "அக்கா கடுதாசி வந்துச்சா?"ன்னு. மூணு வரி போதும் அக்கா. நான் கீழே எழுதித் தரேன், நீ பார்த்து எழுதினாப் போதும்: "என் வீட்டில் கைத்துப்பாக்கி இல்லை. என் தம்பி மகார் இங்கே தங்கலாம். இப்படிக்கு."

விசாரணை அக்டோபர் பத்து.

மகார்


அரிசோனா
2006 அக்டோபர் 16

அக்கா,

நீ சுகமான்னு கேக்கணும். கேட்டுட்டேன்.

விசாரணை நடந்துச்சு. செத்துப்போன பெனிட்டோவோட தங்கச்சி போன்ல பேசினாங்க. அன்னிக்கு நான் குடிச்சிட்டு வண்டி ஓட்டினேன், அவங்க அண்ணன் வேலை முடிஞ்சு நடந்து வந்தார்னு இப்பவும் அதே குரல்ல சொன்னாங்க. என்னை விடக்கூடாதுன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். "அவர் குடிக்காம இருந்தா சரி"ன்னு மட்டும் சொன்னாங்க. பரோல் குடுத்துட்டாங்க அக்கா. டிசம்பர் கடைசியில. விலாசம் உறுதியானா.

விலாசம் உறுதியாகல. உன்கிட்டேருந்து ஒரு வரி வரல. தபால் விமானம் வரலன்னு சொல்லாதே, நெஸ்டர் எழுதின கடுதாசி போன வாரம் எனக்கு வந்துச்சு. "உங்கக்கா இப்போ தூரத்துலேருந்தே பீப்பாயைத் துளைக்கிறா"ன்னு எழுதியிருக்கான். சுட நேரம் இருக்கு, எழுத நேரமில்லை.

அப்புறம் கேட்கிறேன், டிசம்பர்ல கரடி என்ன பண்ணும்? தூங்கும். ஏப்ரல் வரைக்கும் தூங்கும். அதுவரைக்கும் அந்த இரும்பு உனக்கு எதுக்கு? கதவுக்கு முட்டுக் குடுக்கவா? வீட்ல பாதி என்னுது. அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போ சொல்ல வச்சுட்டே.

எரிச்சலா வருது. பதில் போடு. எதுவானாலும் போடு.

மகார்


இகாக்
2006 நவம்பர் 2

அன்புள்ள மகாருக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பரோல் கிடைத்ததற்கும் ஏற்றினேன். அது பொய்யில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

சனிக்கிழமை கடைசி வெள்ளிச் சால்மனைப் பிடிக்க ஓடைக்குப் போனேன். இரண்டு கையிலும் வாளி. திருப்பத்தில் அந்தப் பெட்டைக் கரடி நின்றது. குட்டிகள் கரைமேல். என்னைப் பார்த்துத் தாடையைப் பட் பட்டென்று அடித்துச் சத்தம் போட்டது. நான் வாளிகளைக் கீழே வைத்தேன், நிதானமாக. ரிவால்வரை எடுத்தேன்.

"போம்மா. மீன் எல்லாம் உனக்குத்தான். போ," என்றேன். குரல் என்னுடையதாகவே இருந்தது.

அது ஓடி வந்தது. நான் அதற்கு முன்னால் இருந்த கூழாங்கல்லில் சுட்டேன். கல் தெறித்தது. கண் மூடவில்லை. கை திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றது, இரண்டாவது குண்டுக்குத் தயாராக. கரடி பக்கவாட்டில் திரும்பி, குட்டிகளைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. காது அடைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான் வெட்கப்படும் விஷயம். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உயிர் பிழைத்ததற்கு இல்லை. 'நல்லதாகப் போயிற்று, இனி மகாருக்கு எழுதலாம், ரிவால்வரைக் கொடுக்க முடியாது, பார், கரடியே வந்தது' என்று நினைத்தேன். கடிதத்தின் முதல் வரியைக்கூட மனதில் எழுதிவிட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். ஒரு கரடி என்மேல் பாய்ந்து வருகிறது, நான் அதைச் சாக்காக நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். இப்படி ஒருத்தியா நான் என்று தோன்றியது.

நீ கேட்டது சரிதான். அஞ்சு நிமிஷ நடை. இரும்பு அலமாரி காலியாகத்தான் இருக்கிறது, காவலரே என்னிடம் சொன்னார், "வச்சுக்கோங்க அக்கா, சாவி தரேன்." ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சொன்னார். நெஸ்டரின் பேரக்குழந்தைகள் ஆகஸ்டிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். நீ எழுதிக் கொடுத்த மூன்று வரியை நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியை எழுத முடிகிறது. இரண்டாவது வரி வரவில்லை.

நீ குடித்த நாட்களில் நான் எப்படித் தூங்கினேன் என்று உனக்குத் தெரியாது. காலில் பூட்ஸோடு தூங்கினேன். நீ படுத்தபிறகு ரைஃபிளைச் சுட முடியாதபடி அதன் தாழை உருவி மாவு டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். நீ யார் மீதும் ஓங்கியதில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் புதைப்பேன். காலையில் எழுந்து மாவைத் துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டி வைத்துவிட்டு உனக்கு டீ போடுவேன். பதினொரு வருஷம். நீ மன்னிப்புக் கேட்பாய், நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சரி சரி என்பேன். நீ சிரிக்க வைப்பாய், நான் சிரிப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் திரும்ப மாவு டப்பா.

இங்கே எல்லோரும் என்னிடம், "தம்பி வர்றானாமே, சந்தோஷமா இருக்குமே," என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். பாதிரியாரிடமும் ஆமாம் என்றேன். உனக்குத் துப்பாக்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதியது எல்லாம் நிஜம். அது கடித்தது நிஜம், கரடி நிஜம். ஆனால் நீ வீட்டைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மகார், துப்பாக்கியை நாளைக்கே கொடுத்துவிட முடியும். கொடுத்தாலும் நீ இங்கே தங்க வராதே. எனக்குப் பயம் இல்லை. களைப்பு. நீ மாறியிருக்கலாம், மாறியிருப்பாய் என்றுதான் நம்புகிறேன். ஆனால் நீ ஒரு நாள் சாப்பாட்டுக்கு அரைமணி தாமதமாக வந்தால், நான் மாவு டப்பாவைப் பார்ப்பேன். என்னால் இனி அப்படிப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

வீட்டில் உன் பாதி உன்னுடையதே. விற்று வாங்கிக்கொள்வதானால் கையெழுத்துப் போடுகிறேன்.

இதை ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும்.

ஃபெவ்ரோனியா


அரிசோனா
2006 நவம்பர் 27

ஃபெவ்ரோனியா அக்காவுக்கு,

பத்து நாள் உன் கடுதாசியை மடிச்சுப் பையிலேயே வச்சிருந்தேன். ரெண்டு தடவை பதில் எழுதிக் கிழிச்சேன். முதல்ல எழுதினதை நீ படிச்சிருந்தா ரைஃபிளையே புதைச்சிருப்பே.

மாவு டப்பா எனக்குத் தெரியாது. ஒரு தடவை தாழுக்குள்ள வெள்ளையா ஏதோ இருந்துச்சு. உப்புக்காத்துல பூத்துருச்சுன்னு நினைச்சு உன்கிட்டயே சொன்னேன். நீ ஆமான்னே.

ஆறு வருஷமா குடிக்கல. இங்கேயும் கிடைக்கும், பழத்தையும் சர்க்கரையையும் பையில புளிக்க வச்சு விப்பாங்க. தொடல. அதை யார்கிட்ட போய்க் காட்டறது? வீட்ல வந்து உனக்குக் காட்டலாம்னு இருந்தேன். அதான் கோபம். மத்தபடி நீ எழுதினதுல எந்த வரியையும் பொய்யின்னு என்னால சொல்ல முடியல. அதுவும் கோபம்தான். ரப்பர் பிடி, மென்மையான தோட்டான்னு நான் பாட்டுக்கு யோசனை சொல்லிக்கிட்டே இருந்தேனே, என்னை என்னன்னு நினைச்சிருப்பே?

ஆங்கரேஜ்ல பரோல் ஆளுங்க தங்கற விடுதி இருக்கு. டெல்காடோ அம்மா இடம் வாங்கிட்டாங்க. "அக்கா வீடு ஏன் வேண்டாம்?"னு கேட்டாங்க. வீட்ல கைத்துப்பாக்கி இருக்குன்னு சொன்னேன். அவங்க என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு அப்படியே எழுதிக்கிட்டாங்க.

பாதி வீடு எனக்கு வேண்டாம். பேசாதே அதை.

மகார்


இகாக்
2007 ஜனவரி 19

அன்புள்ள மகாருக்கு,

இந்தக் கடிதம் உன் புது விலாசத்தில் உனக்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆங்கரேஜில் குளிர் எப்படி? பூட்ஸ் இருக்கிறதா? அளவு மாறவில்லை என்று நினைத்து ஒரு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. நான் எழுதியதற்காக மன்னிப்புக் கேட்பதா என்று யோசித்தேன். கேட்டால் பொய்யாகிவிடும். கேட்காமல் இருந்தால் வலிக்கிறது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனிஸ்யாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள், "இது எனக்குப் பத்து வருஷமா தெரியும், நீ சொல்றப்போ சொல்லுன்னு இருந்தேன்," என்றாள். எனக்கு அவள்மேல்கூட எரிச்சல் வந்தது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைச் சுழற்றிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போனோம். உன் பங்குக் குரலை நெஸ்டர் பாட முயன்றான். முடியவில்லை.

நான் பிப்ரவரி பதினாறாம் தேதி ஆங்கரேஜ் வருகிறேன். மூன்று நாள். ஓட்டலில் அறை எடுத்திருக்கிறேன், திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன்னைப் பார்க்க மட்டும்தான் வருகிறேன், வேறு வேலை எதுவும் இல்லை. புகைபோட்ட மீன் கொண்டுவருகிறேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் எழுது. அறையில் உட்கார்ந்து நானே தின்றுவிட்டுப் போகிறேன்.

உன் அக்கா
ஃபெவ்ரோனியா


ஆங்கரேஜ்
2007 பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

பூட்ஸ் சரியா இருக்கு. இருமல் போயிருச்சு, குளிர் காத்து பட்டதும் பறந்துருச்சு. டயர் கடையில வேலை. நாளெல்லாம் முட்டி போட்டு உட்கார்ந்து எழுந்திரிக்கிறேன், உன் முட்டி வலி என்னன்னு இப்போதான் புரியுது. அறையில ரெண்டு பேரு கூட இருக்காங்க, ஒருத்தன் குறட்டை விடுவான். ஒவ்வொரு செவ்வாயும் ஊதிக் காட்டணும். காட்டறேன்.

கோபம் முழுசாப் போகலை, அதையும் சொல்லிடறேன். சில நாள் காலையில எழுந்ததும் இருக்கும், மத்தியானம் இருக்காது.

வா. விடுதியில கேட்டு அனுமதிச் சீட்டு வாங்கிட்டேன். விமானம் எத்தனை மணிக்குன்னு நீ எழுதல. கேட்டு எழுதினா பதில் வர்றதுக்குள்ள நீயே வந்துருவே. அதனால காலையிலேருந்து விமான நிலையத்துலேயே நிக்கிறேன். மூடுபனியில விமானம் கிளம்பலேன்னா கவலைப்படாதே, மறுநாளும் வந்து நிப்பேன்.

தம்பி
மகார்